பானைக்குள் பேஸ் கிட்டார்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வெந்த சாமானைச் சுண்டிப் பார்ப்பார்கள். ‘ணங்’ என்றால் நல்லது; சத்தம் செத்திருந்தால் விரிசல். சத்தத்தை வைத்துத் தரம் சொல்லும் ஊர் இது.

பேஸ் கிட்டாரை நான் முதலில் கேட்டது உள்ளங்கையால்தான். இங்கே ஒரு டீக்கடையில் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ‘மூடுபனி’ படத்தில் (1980) யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பானையைத் தொட்டேன், உள்ளே யாரோ நடப்பதுபோல் அதிர்ந்தது.

ஆளுயர டபுள் பேஸைத் தோளில் மாட்டும் மரப்பலகையாக்கி, பேஸ் கிட்டாராக 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். வீணைபோல மெட்டுகள் வைத்ததால் சுருதி பிசகாது. நான்கே கம்பிகள், அதிரும் நீளம் 34 அங்குலம். தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிரும். அடியிலுள்ள காந்தச் சுருள் அதை மின்சாரமாக்கும். இவ்வளவுதான் கருவி.

ஆனால் அந்த ‘மூடுபனி’ பாட்டுக்கு இசையமைத்த இளையராஜா அதைத் தாளத்துக்குத் துணையாக மட்டும் விடவில்லை. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டையே எழுதினார். நெடுங்காலம் அவருக்கு வாசித்தவர் சசிதரன். பாடகரை விட்டுவிட்டு அந்த விரல்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாட்டின் மெட்டு மேலே ஏறும்போது, பேஸ் நிதானமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.