ஓணானுக்கும் ஒரு கதை

பள்ளிகொண்டா என்ற பெயருக்குள்ளேயே ஒரு பாம்பு படுத்திருக்கிறது. பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் ஆதிசேஷன் மேல் பள்ளிகொண்டதால் வந்த பெயர் அது. ஆனால் கொல்லையில் சாரை ஒன்று தலைகாட்டினால், எல்லா ஊரையும் போல அங்கேயும் முதலில் தேடுவது கட்டையைத்தான்.

இந்தப் பகை பிறவியில் வருவதில்லை. தவழும் குழந்தை மரவட்டையை எடுத்து வாயில் வைக்கப் பார்க்கும். அருவருப்பைப் பெரியவர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள், பெரும்பாலும் கதை வழியாக. தாகத்தில் தவித்த ராமனுக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் பெய்து கொடுத்தது என்று ஒரு நாட்டார் கதை. அந்த ஒரு கதைக்காக எத்தனை தலைமுறைப் பையன்கள் ஈர்க்குச்சியில் சுருக்கு மாட்டி ஓணான் பிடித்திருக்கிறார்கள்! கதை வைத்த பகையைக் கதைதான் எடுக்க வேண்டும் என்றால், படக்கதைப் புத்தகங்களின் வேலை அங்கே தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் அந்த வேலையை நன்றாகச் செய்த புத்தகம் என்று, சென்னை தூலிகா பதிப்பகத்துக்காக ஜாய் விட்டேகர் எழுதிய காளியின் கதையைச் சொல்லலாம். 1976-ல் சென்னை முதலைப் பண்ணையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். காளி இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். வறுத்த கறையான் கொண்டுவந்து தின்னும் அவனிடம் வகுப்பில் யாரும் ஒட்டுவதில்லை. (மழைக்கால ஈசலை வறுத்துத் தின்ற தாத்தா பாட்டிகள் நம் வீடுகளிலேயே உண்டு.) ஒருநாள் வகுப்புக்குள் சாரை நுழைகிறது. எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். சாரை பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை, கடைசிவரை சாரையாகவே இருக்கிறது. பாம்பை ஒதுக்குவதும் பாம்பு பிடிப்பவர் பிள்ளையை ஒதுக்குவதும் ஒரே பழக்கம் என்பது எங்கும் எழுதப்படாமலே குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது.

உலகம் முழுக்கப் புகழ்பெற்ற எரிக் கார்லின் பசிகொண்ட கம்பளிப்புழு (1969) வேறு ரகம். அழகான புத்தகம்தான். ஆனால் புழு வண்ணத்துப்பூச்சி ஆனதால்தான் அதற்கு மரியாதை. கடைசிவரை புழுவாகவே இருக்கும் மண்புழுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கார்லே 1984-ல் செய்த சிலந்திப் புத்தகம் இதைவிட நேர்மையானது: வலையின் இழைகள் தாளில் புடைத்து நிற்கின்றன, குழந்தை விரலால் தடவிப் பார்க்கலாம்.

நம் பாடப்புத்தகத்தில் மண்புழு ‘உழவனின் நண்பன்’. ஒரு மதிப்பெண்ணுக்குமேல் அந்த நட்பு வளர்ந்ததில்லை. இதே மண்புழுவைப் பற்றி டார்வின் 1881-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். புழுக்கள் இருந்த தொட்டிகளின் அருகே மகன் பசூன் என்ற குழல் ஊத, அவை அசையவில்லை; தொட்டியைப் பியானோ மேல் வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் வளைக்குள் ஓடின. காது கிடையாது, அதிர்வு தெரியும். இதைவிட நல்ல படக்கதை எங்கே கிடைக்கும்? டோரீன் குரோனின் 2003-ல் மண்புழுவை நாட்குறிப்பு எழுத வைத்துச் சிரிக்கவைத்தார். பாலாற்றுப் படுகையிலோ தோல் ஆலைக் கழிவின் உப்பு மண்ணையே கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. மண்ணுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கும் புத்தகத்துக்கு இங்கே கூடுதல் நியாயம் உண்டு.

புத்தகம் கிடைக்காது என்று இப்போது சொல்ல முடியாது. தூலிகா ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசில்லாமல் படிக்கலாம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு புத்தகங்கள் தருகிறது. ஜவ்வாது மலையடிவாரத்துக் குக்கூ குழந்தைகள் வெளி தொடங்கிய சித்திரக்கதை இதழின் பெயர் தும்பி. பூவுலகின் நண்பர்களின் சிறுவர் இதழ் மின்மினி. மரவட்டை என்று ஓர் இதழுக்குப் பெயர் வைக்க இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

அந்த மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான கண்டங்களில் இரண்டிரண்டு ஜோடிக் கால்கள். பூரானுக்கு ஒரு ஜோடிதான். ஐப்பசி மழையில் பள்ளிச் சுவரேறும் மரவட்டை ஒன்றையும், புத்தகத்தில் வரைந்திருப்பதையும் பக்கத்தில் வைத்து, ஓவியர் சரியாகப் போட்டிருக்கிறாரா என்று பிள்ளைகளே எண்ணிப் பார்க்கலாம்.