காகமும் விதவையும்: விசுவாச ஊழிய வரலாறுகள் பற்றிய ஒரு நோக்கு

கிறிஸ்தவத் தமிழ் இலக்கியம் என்றதும் தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் முன்வைத்துப் பேசுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. காப்பிய மரபோடு ஒட்டி நின்றமையால் அவை புலவர் அவையில் இடம்பெற்றன. அவற்றுக்குப் புறத்தே நாட்குறிப்பு, ஊழிய அறிக்கை, சாட்சி, வாழ்க்கை வரலாறு என்னும் வடிவங்களில் உருவான எழுத்துப் பெருந்தொகையானது. அது திறனாய்வாளரின் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. பக்தர் அதனைப் படிக்கின்றனர், பக்தரல்லாதார் ஒதுக்குகின்றனர், இரு சாராரும் அதனை எழுத்தாகக் கொண்டு வாசிப்பதில்லை. அவ்வெழுத்துக்களுள் ஒரு வகையினை மாத்திரம் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஊதியமோ உறுதியளிக்கப்பட்ட ஆதரவோ இன்றி, தேவனுடைய பராமரிப்பை மாத்திரமே நம்பி ஊழியத்துக்குப் புறப்பட்டோரின் கதைகளே அவை. அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாது விடுகின்றன என்பதே நமது வினா.

இவ்வகையில் தமிழ் நிலத்துக்குரிய முதன்மையான சான்று ஜோன் கிறிஸ்தியான் அருளப்பனின் வாழ்க்கையாகும். 1810இல் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, பாளையங்கோட்டையில் இரேனியசின் செமினரியிற் கற்ற அருளப்பன், 1833இல் அப்பகுதிக்கு வந்த அந்தோனி நோரிஸ் குரோவ்சைச் சந்தித்தார். குரோவ்ஸ் இங்கிலாந்தில் நல்ல வருவாயுள்ள பல் வைத்தியராக இருந்தவர். அதனைத் துறந்து, எச்சங்கத்தின் சம்பளமும் இன்றி 1829இல் பாக்தாத்துக்குப் புறப்பட்டவர். அவருடைய தொடர்பு அருளப்பனின் வழியை மாற்றியது. 1842இல், வத்திராயிருப்புக்கு அண்மையில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை நிறுவி, 1867இல் இறக்கும் வரை அதனை மையமாகக் கொண்டு அருளப்பன் பணியாற்றினார். 1860இல் அங்கு தோன்றிய எழுப்புதல் திருச்சபை வரலாற்றாசிரியர் பலராலும் குறிப்பிடப்படுவது.

அருளப்பன் நிரந்தரச் சம்பளத்தை மறுத்தமைக்குக் கூறிய காரணம் நமது கவனத்துக்குரியது. கூலிக்காகவே இவன் போதிக்கிறான் என்று சனங்கள் சொல்லுவார்கள் என்பதே அக்காரணம். இதனைக் குரோவ்ஸ் பதிவுசெய்துள்ளார். பிற்காலத்து விசுவாச ஊழியக் கதைகளில் சம்பள மறுப்பு, தேவன்மேல் வைத்த நம்பிக்கையின் அளவுகோலாகவே காட்டப்படுகிறது. அருளப்பனிடத்திலோ அது முதலில் கேட்போரைப் பற்றிய சிந்தனையாக இருந்தது. சொல்லுபவன் எவனுடைய ஆள் என்று கேட்கும் கிராமத்தவரின் ஐயம் அவருக்கு அற்பமாகத் தோன்றவில்லை. மிஷன் வளாகத்தில் வெள்ளையர் சம்பளம் கொடுப்பவராகவும் சுதேசிகள் வாங்குபவராகவும் இருந்த காலத்தில், அந்த மறுப்பு பக்தியோடு சுயமரியாதையையும் உள்ளடக்கியிருந்தது.

அருளப்பனின் நாட்குறிப்புகள் இன்று நமக்குக் கிடைப்பது ஜி. எச். லாங் என்பவர் தொகுத்து 1939இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் வழியாகும். லாங் தாமும் அதே கொள்கையுடைய சகோதர சபையின் எழுத்தாளர். ஆதித் திருச்சபையின் நெறி இந்தியாவிலும் செயற்படக்கூடியது என்று மெய்ப்பிப்பதற்கு அவருக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. அருளப்பனில் அதனைக் கண்டார். ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த தமிழனை மறதியிலிருந்து மீட்டமைக்காக அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் உதாரண புருடராக்கப்படும் எவரும் தமது அயலவரை இழந்துவிடுகின்றனர். இங்கிலாந்து நண்பர்களின் காணிக்கைகள் அங்கு வந்தன. குடியிருப்பு மக்கள் நிலத்தில் உழைத்தனர். இவையெல்லாம் வரலாற்றில் உண்டு. ஆனால் கதையாகும்போது அருளப்பனும் அவருடைய தேவனும் மாத்திரமே அரங்கில் நிற்கின்றனர். ஏனையோர் திரைக்குப் பின்னால் நின்று, வேண்டிய வேளையில் வேண்டியதைக் கொணர்ந்து வைத்துவிட்டு மறைகின்றனர்.

இக்கதை வடிவத்தின் மூலத்தைப் பிரிஸ்டலைச் சேர்ந்த ஜோர்ஜ் முல்லரிடம் காணலாம். குரோவ்சின் சகோதரியை மணந்த முல்லர், 1830இல் தமது போதகச் சம்பளத்தை விட்டார். 1836இல் அநாதை இல்லம் தொடங்கினார். 1870 அளவில் ஐந்து பெரிய கட்டடங்களில் ஏறத்தாழ 2000 பிள்ளைகளைப் பராமரிக்கக்கூடிய நிலையை எய்தினார். தேவையை எந்த மனிதரிடமும் கூறுவதில்லை, தேவனிடம் மாத்திரமே கூறுவது என்பது அவருடைய விதி. எனினும், தேவை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நிறைவேறியது என்பதை அவர் விபரமாக எழுதி ஆண்டறிக்கைகளாக வெளியிட்டார். கேட்பதில்லை என்று ஆயிரக்கணக்கானோருக்கு அச்சிட்டு அறிவிப்பது ஒருவகைக் கேட்டலே அல்லவா என்று எவரும் வினவலாம். இவ்வினாவை முல்லர் உணராதவரல்லர். 1841இன் இறுதியில் பணமுடை மிகுந்திருந்த வேளையில், அறிக்கையும் பொதுக்கூட்டமும் உதவி கோருவதுபோல் ஆகிவிடும் என்று அஞ்சி அவற்றை அவர் ஒத்திவைத்தார். போலி மனிதனிடம் இத்தகைய கூச்சம் தோன்றாது. எனவே முல்லரின் நேர்மையில் ஐயமில்லை. ஐயம் வடிவத்தின் மீதே எழுகிறது. அவ்வடிவம் பின்னர் அவருடைய கூச்சமில்லாத பலருடைய கைக்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழிலே இறைவனின் பராமரிப்பைப் பாடிய மரபு முல்லருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. பெரியபுராணம் கூறும் திருவீழிமிழலை நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. பஞ்சகாலத்தில் அடியாரை உண்பிப்பதற்காகச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் பொற்காசு அருளினான். சம்பந்தர் பெற்ற காசு வாசியுடையதாக இருந்தது. அப்பர் பெற்றது வாசியற்ற நற்காசு. அவர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தமையே காரணம் என்கிறது புராணம். திருவருளுக்கும் உடலுழைப்புக்கும் உள்ள உறவை இவ்வளவு துணிவாகக் கூறும் இடம் பக்தி இலக்கியத்தில் வேறு உளதா என்பது ஐயமே. மேலும், அக்காசு கடைத்தெருவில் மாற்றப்பட்டது. மாற்றும்போது வாசி கேட்டவன் வணிகன். தாமதமாகச் சமைத்தவர்கள் மடத்தினர். அற்புதத்தைப் பாடுகையிலும் சேக்கிழார் அடுக்களையையும் அங்காடியையும் மறைக்கவில்லை. சுந்தரரோ இன்னும் ஒருபடி சென்று, குண்டையூரிற் பெற்ற நெல்லை எடுத்துச் செல்ல ஆட்கள் வேண்டுமென்றும் வெளிப்படையாகவே இறைவனிடம் கேட்டவர். இரப்பது இழிவென்ற உணர்வு அங்கு இல்லை. விசுவாச ஊழிய வரலாறுகளில் காணப்படும் மௌனம் வேதாகமத்திலிருந்து மாத்திரம் வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நடுத்தர வகுப்பாரின் பணக் கூச்சமும் அதனுட் கலந்திருக்கிறது என்பது என் கருத்து.

இனி மலையகத்துக்கு வருவோம். ஈழத்துத் தோட்டங்களில் சுவிசேஷப் பணி அருளப்பன் காலத்திலேயே தொடங்கிற்று. ஆனால் அது நேர்மாறான அடிப்படையில் அமைந்தது. 1854இல் ஆரம்பமான தமிழ்க் கூலி மிஷன் கோப்பித் தோட்டத் துரைமாரின் முன்முயற்சியால் எழுந்தது. சி.எம்.எஸ். சங்கத்தின் ஐரோப்பிய மிஷனரி மேற்பார்வை செய்தார். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தனர். அவர்களுடைய வேதனத்துக்குத் துரைமாரின் சந்தா உதவிற்று. கூலி என்ற சொல் மிஷனின் பெயரிலேயே பதிந்திருந்தமையை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வுபதேசியார்கள் பலர் காட்டிலும் மழையிலும் தோட்டந்தோட்டமாக நடந்து, எழுத்தறிவும் ஊட்டி உழைத்தவர்கள். அவர்களைக் குறைகூறுவது நன்றியின்மையாகும். ஆயினும் துரையின் சந்தாவில் உண்பவன் பிரட்டுக்களத்தில் அரைப்பேர் போடப்பட்டவனின் முறைப்பாட்டை எவ்வாறு பேசுவான்? லயத்து மனிதன் அவனை எவருடைய ஆளாகக் கண்டிருப்பான்? அருளப்பன் அஞ்சிய கேள்வி இதுவே. தேவனின் பராமரிப்பை நம்புதல் என்பதற்கு இங்கு ஒரு சமூகப் பொருள் உண்டு. எவன் கையிலிருந்து சோறு வருகிறதோ அவன் கைக்கு வாய் கட்டுப்படும். அக்கட்டினை அவிழ்க்க முயன்றது என்ற வகையில் விசுவாச ஊழியத்தை, சமயப் பற்றில்லாத விமர்சகனும் மதித்தே ஆகவேண்டும்.

இவ்விரு வழிகளுக்கும் இடையே மூன்றாவது ஒன்றையும் தமிழர் கண்டனர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர் 1900இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, கடலுக்கு அப்பால் தொண்டிக்கு ஊழியரை அனுப்பலாயினர். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதனைக் கண்டு, எண்ணிக்கையில் மிகுந்த திருநெல்வேலிச் சபை இதைச் செய்யவில்லையே என்று வெட்கினார். அதன் விளைவாக 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியர் பணம், இந்தியர் ஆள், இந்தியர் நிருவாகம் என்பது அதன் கொள்கை. இவ்வாறான பணிகளைத் தாங்கியவற்றுள் பிடியரிசிக் காணிக்கையும் ஒன்று. உலையிடும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் இவ்வழக்கம் பெண்களின் கையிலேயே இருந்தது. வரலாற்று நூல்கள் அசரியாவுக்கு அதிகாரங்கள் ஒதுக்குகின்றன. பிடியரிசிக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் பெரிது.

வேதாகமத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. முதலாம் இராஜாக்கள் நூலின் பதினேழாம் அதிகாரத்தில் பஞ்சகாலத்தில் எலியாவைத் தேவன் இருமுறை போஷிக்கிறார். முதலில் ஆற்றோரத்தில் காகங்களைக் கொண்டு, பின்னர் சாரிபாத்தில் ஒரு விதவையைக் கொண்டு. பிரசங்கங்கள் காகத்தையே விரும்புகின்றன. காகத்துக்குக் குடும்பம் இல்லை, கடன் இல்லை, நாளைய கவலை இல்லை. அற்புதம் தூய்மையாக இருக்கிறது. விதவையிடமோ ஒரு பிடி மாவு, சிறிது எண்ணெய், பசித்த ஒரு மகன். தேவனின் பராமரிப்பு அவ்விடத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் கடைசிப் பிடியைக் கேட்கும் வடிவில் வருகிறது. கேட்பவனுக்கும் அது இலகுவாக இருந்திராது. விசுவாச ஊழிய வரலாறுகளின் குறை, அவை விதவைகளை எல்லாம் காகங்களாக்கி விடுவதே என்று சுருங்கக் கூறலாம்.

இக்கருத்தை எனக்குத் தந்தது நூலகமன்று. இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் பாதையில் உள்ள கொடகவெலப் பகுதித் தோட்டங்களில் தேயிலையும் இறப்பரும் உண்டு. இறப்பர் மலையில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையெனில் பேர் இல்லை. சப்பிரகமுவையின் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் வானத்தைப் பார்த்து அன்றைய சோற்றை அறிந்துகொள்ளும் குடும்பங்கள் அங்கு பல. நாளைக்கென்று எதுவும் இன்றி வாழ்வதே விசுவாச வாழ்க்கை எனின், அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதனை வாழ்ந்து வருகின்றனர். ஆனால் மாதச் சம்பளத்தை விட்டு வந்தவனுக்கே அப்பெயர் சூட்டப்படுகிறது. சம்பளமே உறுதியில்லாதவனுக்கு அது வறுமை எனப்படுகிறது. துறப்பதற்கு ஏதேனும் உடையவனே துறவி ஆகலாம் என்பது நமது பழைய துறவறத்துக்கும் பொருந்தும் முரண்தான்.

அங்கு கொழும்பில் வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்த ஓர் இளைஞர் சில காலம் பணியாற்றினார். லயக் காம்பராவொன்றில் ஞாயிறு தோறும் கூட்டம் நடந்தது. ஒருநாள் சாட்சி கூறுகையில், வீட்டில் அரிசி முடிந்த நாளன்று யாரிடமும் வாய் திறவாமல் செபித்ததாகவும், மாலைக்குள் கர்த்தர் அரிசி அனுப்பியதாகவும் கண்கலங்கச் சொன்னார். அந்த அரிசியைக் கொண்டுபோய் வைத்த பால்வெட்டுத் தொழிலாளப் பெண் எனக்கு முன்வரிசையிலேயே அமர்ந்திருந்தார். என் மனத்தில் இக்கட்டுரையின் முதற்பாதி அன்றே உருவாகிவிட்டது எனலாம். கூட்டம் முடிந்தபின், “உங்க பேரச் சொல்லியிருக்கலாமே பெரியம்மா” என்று ஆற்றாமையோடு கேட்டேன்.

அவர் சிரித்தார். “வேணாந் தம்பி. நான்தான் குடுத்தேன்னு பாஸ்டர் ஐயா சொல்லிட்டாருன்னா, அடுத்த மாசம் மழ விடாமப் பேஞ்சு குடுக்க முடியாமப் போச்சுன்னா எனக்கு வெக்கமா இருக்குமில்ல? அவருக்கும் என் மொகத்தப் பாக்கச் சங்கடம். சாமி குடுத்ததாவே இருக்கட்டும்.”

மறைக்கப்பட்டவராக நான் கருதியவர் மறைந்திருக்கத் தாமே விரும்பினார். கொடையை இறைவன் பெயரில் எழுதிவிடுவதால் பெற்றவன் கடனாளியாவதில்லை. கொடுத்தவளும் கொடையாளி என்ற பதவியைக் காக்க வேண்டியதில்லை. துரையின் சந்தாவுக்கும் அவருடைய அரிசிக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்று பின்னர் விளங்கிற்று. லாங்கின் நூலில் அருளப்பனின் அயலவர்கள் இல்லாமற் போனதைத் தொகுப்பாளரின் தவறாக மேலே எழுதினேன். அதனை இப்போதும் மாற்றவில்லை. வரலாற்றாசிரியனுக்கு அம்மௌனத்தில் உரிமை இல்லை. ஆனால் கிறிஸ்தியான்பேட்டையில் நெல் அளந்து கொடுத்த எவரேனும் தம் பெயர் வேண்டாமென்று சொல்லியிருப்பாரோ என்ற வினா, அந்நூலை மறுமுறை திறந்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் என்னோடு வந்தது.