முரண்நகையில் நகை எதற்கு?

பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் விட், ஹ்யூமர், ஸாடயர், ஸார்காஸம், ஐரனி என்று நெட்டுருப் போட்டவர்கள்தான் நம் விமர்சகர்களில் பாதிப்பேர். நானும் போட்டவன். தமிழ்ப் படைப்பு என்று வந்தால் ஐந்துக்கும் 'நகைச்சுவை' என்ற ஒரே முத்திரை. புதுமைப்பித்தனுக்கும் அதே, வாரப் பத்திரிகைத் துணுக்குக்கும் அதே.

ஐரனிக்கு மட்டும் 'முரண்நகை' செய்துகொண்டோம். அதிலுள்ள நகை எனக்கு இடறுகிறது. புறநானூறு 95: அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருப்பதைப் புகழ்கிறாள். தன் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். தொண்டைமான் சிரித்திருக்க வழியே இல்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது செம்பொருள். வசையை மறைத்து வைப்பது பழிகரப்பு. ஔவை செய்தது பின்னது. சிரிப்பைக் கணக்கில் எடுக்காத சொல் இது. (விதி செய்கிற ஐரனிக்குப் பொருந்தாது, அதற்கு வெறும் 'முரண்' போதும்.)

ஆங்கிலச் சொற்களும் கல்வெட்டல்ல. ஹ்யூமர் முதலில் உடம்பில் ஓடும் நீர், நம் பித்தம், கபம் மாதிரி. 1598இல் மேடையேறிய பென் ஜான்ஸன் நாடகத்தின் தலைப்பில் அது மனக்கோணல். அவை இலக்கியத்தோடு உரசி நகர்ந்தவை. நம்முடையவை அகராதியிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தவை.

கொடுங்கையூரில் இந்தப் பேதங்கள் தெருவில் இருக்கின்றன. கலாய்த்தால் கலாய்க்கப்பட்டவனும் சேர்ந்து சிரிக்கலாம், நக்கலில் முடியாது. குப்பை மேட்டைக் காட்டி 'எங்க ஊட்டி' என்கிறவன் இரண்டையும் செய்யவில்லை. அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. சேரிக் கதைக்குப் புதுமைப்பித்தன் 'பொன்னகரம்' என்று ஏன் பெயர் வைத்தார் என்பதற்கு விளக்கம் கேட்க நான் அவனிடம்தான் போவேன்.