ஆறு பேனாவும் ஒரு ரப்பரும்

மையில் வரையப் பழகுகிறவர் ஓவியப் பொருள் கடைக்குப் போனால், முதலில் காட்டப்படுவது ஃபைன்லைனர் செட்டாகத்தான் இருக்கும். சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் இந்த வகையில் பெயர்போனது. 005, 01, 02, 03, 05, 08 என்று ஆறு பேனா. 005 என்பதைப் பார்த்து 0.05 மி.மீ. என்று நினைத்துவிடக் கூடாது. அதன் கோடு 0.20 மி.மீ. அடுத்தது 0.25, அதற்கடுத்தது 0.30. ஆறிலும் தடியானதே 0.50தான். பழகாத கை நடுங்குகிற நடுக்கத்தில் இந்த 0.05 வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

இந்தப் பேனாக்களின் மையைக் குறை சொல்ல முடியாது. நிறமித் துகள் கலந்த மை. காய்ந்தபின் மேலே நீர்வண்ணம் பூசினாலும் கலையாது, எளிதில் வெளுக்காது. பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டதும் ஓடிவிடும். குப்பி, துடைக்கும் துணி எதுவும் வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில்கூட வரையலாம்.

குறை கோட்டில் இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் தடிக்காது. முனைதான் நசுங்கி உலோகக் குழலுக்குள் இறங்கும். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி கே.எம். ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களைப் பாருங்கள். கோட்டின் கனமும் வேகமும் மாறுவதில்தான் உருவம் எழுகிறது. ஆறு அளவுப் பேனாவை மாற்றி மாற்றி எடுத்து அதைக் கொண்டுவர முடியாது. செட் வாங்கியவர் கோட்டின் கனம் கடையில் கிடைப்பது என்று நம்பத் தொடங்குகிறார். என் பெரிய புகார் இதுதான்.

அப்படியானால் தொட்டு வரையும் நிப்புப் பேனாவில் தொடங்கலாமா? அழுத்தினால் நிப்பு விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மெலியும், செலவும் குறைவு. ஆனால் புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காவிட்டால் மை ஒட்டாது. சொரசொரப்பான தாளில் மாட்டி மையைத் தெறிக்கும். இந்தியன் இங்க்கில் பெரும்பாலும் அரக்கு சேர்ந்திருப்பதால் நிப்பை உடனுக்குடன் துடைக்க வேண்டும். அந்த மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் பேனா போச்சு. முதல் வாரத்திலேயே இத்தனை தொல்லை என்றால் பலர் வரைவதையே விட்டுவிடுவார்கள். இரண்டாவதாக வாங்க வேண்டிய கருவி இது.

எல்லாரும் கடைசியில் யோசிப்பது ரப்பரை. மைப்படத்தில் அதிகம் கெடுதல் செய்வதும் அதுதான். பென்சிலில் போட்டு, மேலே மை ஓட்டி, பிறகு அழிப்பது வழக்கம். மை காய்வதற்குள் ரப்பர் வைத்தால் இழுவிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். காய்ந்த பிறகு தேய்த்தாலும் கருமையில் கொஞ்சம் உதிர்ந்து கோடு சாம்பல் பூக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அச்சுக்குக் கோட்டு பிளாக் எடுத்த காலத்துப் பத்திரிகை ஓவியர்களுக்கு இது பெரிய விஷயம். பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, இடைப்பட்ட சாம்பல் கிடையாது. பென்சிலை அழுத்திப் போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு: கிராஃபைட் ஃபைன்லைனர் முனையில் ஏறி மையை அடைக்கும்.

பிசையும் ரப்பரைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். அதை உருட்டி, ஒற்றி எடுத்தால் கிராஃபைட் ஒட்டிக்கொண்டு வரும். துகள் உதிராது, மையும் அவ்வளவாகப் பாதிக்காது. மை ஓட்டுவதற்கு முன் பென்சில் கோட்டை மங்கலாக்க இதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் அழுத்திப் போட்ட கோட்டை அதனால் முழுதாக எடுக்க முடியாது. அதற்கு பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை பிளாஸ்டிக் ரப்பரே போதும்; ஒரே திசையில், மெதுவாக. (அதன் காகித உறையைக் கழற்றி எறியாதீர்கள். உறையில்லாத ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டி அதை இளக்கிவிடும்.) மையை அழிக்கும் என்று விற்கும் மணல் ரப்பர் வேண்டவே வேண்டாம். அது தாளின் மேல்தோலை உரிக்கிறது. அங்கே அடுத்த கோடு பஞ்சில் பட்ட மைபோல் பரவும்.

ஆக 01, 05 என இரண்டு பேனா, ஒரு எச்பி பென்சில், ஒரு வெள்ளை ரப்பர். மிச்சக் காசுக்கு வழவழப்பான கெட்டித் தாள். நல்ல மைகூட மட்டமான தாளில் கசியத்தான் செய்யும்.

ரப்பரையே தொடாதே என்று சொல்கிற ஆசிரியர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. கோயில் கோபுரம் வரைகிறவருக்கு அடிக்கோடு இல்லையென்றால் மூன்றாவது நிலையிலேயே சாய்ந்துவிடும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை வரைவதென்றால் நேராகப் பேனாவை எடுங்கள். பென்சிலில் போட்டு அழிப்பதற்குள் அவர் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்.