நாட்குறிப்பில் நின்றுபோன கோபம்

1942 ஆகஸ்ட் 9 விடியற்காலையில் காந்தியும் நேருவும் ஆசாத்தும் கைதானார்கள். லண்டனில் பிபிசியின் கீழ்த்திசைப் பிரிவில் வேலை பார்த்துவந்த எரிக் பிளேர் அந்த வாரம் தன் நாட்குறிப்பில் கொதித்துப்போய் எழுதினார். போரில் தோற்பதைவிட, இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு நடந்துகொள்ளும் விதம்தான் தன்னை அதிகம் வருத்துகிறது என்றார். கலவரங்களைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து வந்த குறிப்பைக் கண்டு அருவருத்தார். ஆனால் இந்தியாவுக்கென்று அவரே எழுதிவந்த வாராந்தரச் செய்தி விளக்கத்தில் அந்தக் கோபம் இடம்பெறவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரில் நாமெல்லாம் அறிந்த அந்த மனிதரின் வானொலி வாழ்க்கையை எடைபோட, நாட்குறிப்புக்கும் ஒலிபரப்புக்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியா அவருக்கு அந்நியமல்ல. பிறந்தது 1903இல், பீகாரின் மோதிஹாரியில். தகப்பனார் அபினி இலாகா அதிகாரி. 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்து, ஏகாதிபத்தியத்தின் அழுக்கு வேலையை உள்ளே நின்று பார்த்து, வெறுத்து வெளியேறினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1937 மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்தது. உயிர் தப்பினார், குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. கண்முன் நடந்த சண்டையைப் பத்திரிகைகள் எப்படித் தலைகீழாகத் திரித்து எழுதின என்பதையும் அங்கேதான் கண்டார். பொய்ப் பிரசாரத்தால் இப்படிச் சூடுபட்டவர் 1941 ஆகஸ்டில் பிபிசியில் சேர்ந்து, அடுத்த இரண்டு ஆண்டுகள் அரசின் போர்ப் பிரசாரத்துக்கு எழுதினார்.

எழுதிய அளவு மலைக்க வைக்கிறது. ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளில் பெயர்த்து வாசிப்பதற்குமாகச் சேர்த்து 200க்கும் மேற்பட்ட செய்தி மடல்கள். குஜராத்தி, மராத்தி, வங்காளம், இந்துஸ்தானி ஆகியவற்றோடு தமிழும் அந்தப் பட்டியலில் உண்டு. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கியிருந்தது. நம் பாட்டன்மார் சிற்றலையில் யாரோ ஒரு தமிழர் குரலில் கேட்ட போர்ச் செய்திகளில் சில ஆர்வெலின் தட்டச்சுப் பொறியிலிருந்து புறப்பட்டவை.

ஆங்கில விளக்கங்களை இன்று படித்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் நிதானம். சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரியில், ரங்கூன் மார்ச்சில். இந்தத் தோல்விகளை அவர் பூசி மெழுகவில்லை. ஒரு துறைமுகம் கைவிட்டுப் போனால் எந்தக் கடல்வழி அடைபடும், எந்த எண்ணெய் யாருக்குப் போய்ச் சேரும், சீனாவுக்குப் போகும் சரக்கு என்னவாகும் என்று நிலப்படத்தை விரித்து வைத்தாற்போல் சொல்லிக்கொண்டு போகிறார். கேட்பவர் தாமே யோசித்து ஒரு முடிவுக்கு வரட்டும் என்ற மரியாதை அந்த நடையில் இருக்கிறது. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீச, சென்னைவாசிகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வதந்தி மலிந்திருந்த அந்த நாட்களில் நிதானமான ஒரு விளக்கத்துக்கு இருந்த மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அவர் எழுதிய எதுவும் நேரே ஒலிபரப்பாகிவிடாது. ராணுவ ரகசியம் வெளியாகிறதா என்று பார்க்க ஒரு முத்திரை, அரசின் கொள்கைக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இன்னொரு முத்திரை, இரண்டும் விழ வேண்டும். முதல் முத்திரையைப் போர்க்காலத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. அரசியல் விமர்சகருக்கு ஆபத்து இரண்டாவதில்தான். அது வரியை அடிப்பதோடு நிற்பதில்லை. எதை எழுதினால் தேறும், எதை எழுதினால் தேறாது என்று எழுதுகிறவரே நாளடைவில் பழகிக்கொள்கிறார். பிரசாரம் உண்மையைச் சொன்னாலும் அது பொய்தான் என்று ஆர்வெலே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். என்ன செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும் என்பது அவர் சொல்லிக்கொண்ட சமாதானம். அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, சிற்றலையில் கேட்டவருக்கு அது தெரிய வழியில்லையே.

1942 அக்டோபரில் இந்தச் சிக்கல் நேரடியாகவே எழுந்தது. அதுவரை அவர் எழுத, பெரும்பாலும் பிறர் வாசித்தார்கள். இனி ஆர்வெல் என்ற பெயரிலேயே அவர் பேசினால் என்ன என்று யோசனை வந்தபோது, மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பில் அவர் தெளிவாகச் சொன்னார்: இந்தியாவில் தன் பெயருக்கு மதிப்பிருப்பதே ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதிய புத்தகங்களால்தான், அரசின் ஊதுகுழலாகிவிட்டால் அந்தப் பெயரால் பயனில்லை, ஆகவே ஓரளவு சுதந்திரமாகப் பேச இடம் வேண்டும். ஒரு விமர்சகரின் முதலீடு எது என்று இதைவிடத் துல்லியமாக அறிந்தவர் இல்லை. நவம்பரிலிருந்து அவரே வாசித்தார். குண்டடிபட்ட அந்தக் குரல் ஒலிவாங்கிக்கு ஒத்துவரவில்லை என்று சில வாரங்களில் நிர்வாகத்திலிருந்தே புகார் கிளம்பியது. அந்தக் குரலின் பதிவு ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை.

மறுபக்கம் பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் பேசிக்கொண்டிருந்தார். ஹிட்லரின் தயவில் நின்று பேசுகிறார் என்ற பெரும் பலவீனம் அவரிடம் இருந்தது. ஆனாலும் கேட்பவர் நெஞ்சில் இருந்த கேள்வியை, எங்களுக்கு விடுதலை எப்போது என்பதை, அவர் தொட்டுப் பேசினார். ஆர்வெலின் தர்க்கம் போஸின் தர்க்கத்தைவிட உறுதியானது என்றே நான் கருதுகிறேன். ஜப்பான் ஆசியாவுக்கு விடுதலை வாங்கித் தராது என்று அவர் சொன்னதைக் கொரியாவும் சீனாவும் மெய்ப்பித்திருந்தன. ஆனால் தலைவர்கள் சிறையில் கிடக்க, காகசஸ் மலைப் போரை விளக்கும் குரலை எந்த இந்தியர் நம்புவார்? இதை ஆர்வெல் உணராதவரல்ல. 1943இல் அவர் தொகுத்த 'டாக்கிங் டு இந்தியா' என்ற நூலில் போஸின் ஒலிபரப்பு ஒன்றையும் சேர்த்தார். எதிரியின் பேச்சை மறைக்காமல் அச்சில் வைத்த அந்தத் துணிவு சாதாரணமானதல்ல.

கேட்டவர்களும் குறைவு. லாரன்ஸ் பிராண்டர் என்ற பிபிசி அதிகாரி இந்தியாவுக்கு வந்து விசாரித்துக் கொடுத்த அறிக்கை சோர்வூட்டுவதாக இருந்தது. எலியட்டையும் ஃபார்ஸ்டரையும் அழைத்து, இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கென்று ஆர்வெல் நடத்திய இலக்கிய உரைகள் வானொலியில் புதிய முயற்சி. அவற்றையும் சிலர்தான் கேட்டார்கள்.

1943 செப்டம்பர் 24 தேதியிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பயனற்ற வேலையில் தன் நேரமும் பொதுப்பணமும் வீணாகின்றன என்பது அதில் சொன்ன காரணம். சொந்த முறையில் சொல்லியிருக்க மாட்டாத எதையும் வானொலியில் சொல்லும்படி தன்னை யாரும் வற்புறுத்தியதில்லை என்று நன்றியோடு குறிப்பிட்டார். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வரி உண்மைதான். ஆனால் அது வாயிலிருந்து வந்த சொற்களுக்கு மட்டும் கணக்குக் காட்டுகிறது. சொல்ல நினைத்து விழுங்கியவை நாட்குறிப்பில் கிடந்தன. இந்திய நேயருக்குச் சேர வேண்டியவை அவைதான்.

நவம்பரில் வெளியேறியவர் 'ட்ரிபியூன்' வார இதழின் இலக்கிய ஆசிரியரானார். டிசம்பர் 3ஆம் தேதியிலிருந்து, மனம்போனபடி எழுதும் உரிமையைப் பெயரிலேயே கொண்ட பத்தி ஒன்றை அதில் தொடங்கினார். அந்தக் குளிர்காலத்திலேயே 'விலங்குப் பண்ணை'யையும் எழுதி முடித்தார்.