சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தமும் கும்மிடிப்பூண்டி பிஓவும்

மைக் மான்டீரோ எழுதிய 'டிசைன் இஸ் எ ஜாப்' 2012-ல் வந்தது. தனியாக உட்கார்ந்து கிராஃபிக் டிசைன் பண்ணுகிறவர்களுக்குப் பரிந்துரைக்கும் பட்டியல் எதை எடுத்தாலும் இந்தப் புத்தகம் இருக்கும். அதற்கு முந்தின வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் தன் வக்கீலையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சும் பிரபலம். அதன் தலைப்பை நாகரிகமாகச் சொன்னால் 'என் காசைக் கொடு'. இரண்டிலும் சாரம் ஒன்றுதான்: டிசைன் ஒரு தொழில், ஒப்பந்தம் இல்லாமல் வேலையில் கை வைக்காதே.

இந்த அறிவுரை கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் பக்கம் காக்களூர் சிட்கோவிலும் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? நான் மென்பொருள்காரன், டிசைனர் இல்லை. ஆனால் இந்தப் பகுதிக் கம்பெனிகளுக்கு டிசைன் பண்ணிப் பிழைக்கிற சிலரோடு பழக்கம் உண்டு. அவர்கள் பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் பார்த்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் புத்தகத்தின் பலம். வாடிக்கையாளரைத் திட்டித் தீர்ப்பது டிசைனர்களின் பொழுதுபோக்கு. மான்டீரோ அதற்கு இடம் கொடுப்பதில்லை. வேலையை விளக்கிச் சொல்வதும், சரியான கேள்வி கேட்பதும், காசை வசூலிப்பதும் டிசைன் வேலையின் பகுதிதான், அதை வேறு யாரோ செய்வார்கள் என்று உட்காராதே என்கிறார். 'நான் கலைஞன், கணக்கு எனக்கு வராது' என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் ஏமாறுகிறவர்களுக்கு இது மருந்து.

சிக்கல் ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. மான்டீரோ காட்டும் உலகத்தில் காகிதத்தைத் தயாரிப்பவர் டிசைனர். இங்கே தலைகீழ். தொழிற்சாலையின் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் கொட்டேஷன் கேட்கும், பேரம் பேசும், பிஓ போடும். போல்ட் நட்டுக்குப் போடுகிற அதே பிஓ படிவம்தான் கேட்டலாக் டிசைனுக்கும். அதில் 'பேமெண்ட் 60 நாள்' என்று முன்கூட்டியே அச்சடித்திருக்கும். இதை மறுத்து டிசைனர் தன் ஒப்பந்தத்தை நீட்டினால், 'சார், எங்க சிஸ்டத்துல இதுக்கெல்லாம் வழி இல்லைங்க' என்று பதில் வரும். சின்னப் பட்டறையாக இருந்தால் பிஓவும் கிடையாது. 'ஆரம்பிங்க தம்பி, பாத்துக்கலாம்' என்பதுதான் மொத்த ஒப்பந்தமும்.

அப்படியானால் டிசைனர் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2006-ம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர் என்றாலும் சேவை செய்யும் குறுந்தொழிலாக உத்யம் தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. எதுவும் பேசாமல் விட்டிருந்தால் 15 நாள்தான். ஆக, அந்தப் பிஓவில் அச்சடித்த 60 நாள் சட்டத்தின் முன் நிற்காது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2024 ஏப்ரலில் இன்னொன்றும் சேர்ந்தது: வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்). குறு, சிறு தொழிலுக்கு இந்தக் கெடுவைத் தாண்டி நிலுவை வைத்தால், காசு கொடுக்கும் வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. அக்கவுண்ட்ஸ் ஆள் காதில் விழுவது இந்த மொழிதான். பில்லிலேயே உத்யம் எண்ணைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பதிவை வேலை தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். வம்பு வந்த பிறகு ஓடிப் பதிந்தால் செல்லாமல் போகலாம்.

இதே சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, டிசைனர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. வேலையைக் கொடுத்த 15 நாளுக்குள் வாடிக்கையாளர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், அவர் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். போனில் 'சின்ன கரெக்‌ஷன் இருக்கு, அப்புறம் சொல்றேன்' என்று இழுப்பது எழுத்தாகாது. அதனால் ஃபைலை அனுப்பிய தேதி மின்னஞ்சலில் பதிவாகியிருப்பது முப்பது பக்க ஒப்பந்தத்தைவிட இங்கே பிரயோஜனம்.

ஆனால் சட்டத்தையும் தலையில் தூக்கிவைக்க வேண்டாம். ஆறாயிரம் ரூபாய் பில்லுக்காக ஒரு கம்பெனி மேல் புகார் போட்டால், பக்கத்து ஷெட்டிலிருந்து வர இருந்த வேலையும் நின்றுவிடும். சிப்காட் பெரிய இடம் மாதிரித் தெரியும், ஆனால் பர்ச்சேஸ் ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எனவே நடைமுறையில் பாதுகாப்பு ஒன்றே ஒன்று: பாதி அட்வான்ஸ், மீதி வந்த பிறகு ஓப்பன் ஃபைல். இந்த விஷயத்தில் மான்டீரோவும் நம்ம ஊர் டிடிபி கடைக்காரரும் ஒரே கட்சி.

ஓப்பன் ஃபைல் என்றதும் உரிமைக் கேள்வி வருகிறது. சிடிஆர் ஃபைலைக் கொடுத்ததால் காப்புரிமை கைமாறிவிடாது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, சம்பள ஊழியர் வரைந்தால் முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் வரைந்த லோகோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வரைந்தவரே முதல் உரிமையாளர். எழுதிக் கையெழுத்திட்டால்தான் மாறும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் 19-வது பிரிவு அதை ஐந்து வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும். கம்பெனிக்காரர்களுக்கு இது தெரிந்தால் தூக்கம் போய்விடும். ஒப்பந்தம் டிசைனருக்குக் கவசம் என்று மட்டும் பேசுவதைவிட, 'சார், உங்க பிராண்ட் உங்க பேருக்கு முறையா வரணும்னா இந்த ஒரு பக்கத்துல கையெழுத்து வேணும்' என்று பேசினால் இங்கே கதவு திறக்கும்.

என் இரண்டாவது விமர்சனம் 'லோகோவைப் பெருசாக்கு' விஷயத்தில். வாடிக்கையாளர் தீர்வைச் சொன்னால் அதன் பின்னால் இருக்கும் பிரச்சினையைத் தேடு என்பது நல்ல பாடம். ஆனால் இங்கே தேட வேண்டிய இடம் மீட்டிங் அறை இல்லை, ஷாப் ஃப்ளோர். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலைகள் நிறைய. ஐஎஸ் 1786 தரப்படி முறுக்குக் கம்பியின் மேலேயே தயாரிப்பாளரின் அடையாளம் உருட்டும்போதே பதிய வேண்டும். அதாவது பெயரை ரோலில் வெட்ட வேண்டும். நெருப்புக் கலரில் ஷேடிங் போட்டு, மெல்லிசுக் கோட்டில் செய்த லோகோ ஸ்கிரீனில் ஜொலிக்கும், கம்பியில் காணாமல் போகும். அதே பெயரை நெடுஞ்சாலை ஓரச் சுவரில் ஒரு பெயிண்டர் தூரிகையால் எழுத வேண்டும், லாரியில் போகிறவர் ஓட்டத்தில் படிக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் ஆந்திரா, அதனால் தெலுங்கிலும் அது நிற்க வேண்டும். இதையெல்லாம் யோசித்தால் முதலாளி 'பெருசா' என்று கேட்டது அசட்டுத்தனம் இல்லை. அவருடைய சரக்கு எங்கே விற்கிறது என்பது அவருக்குத் தெரியும், அதை டிசைன் மொழியில் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே புத்தகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. காசைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசக் கற்றுக்கொள்ள அதைப் படியுங்கள். அது கற்றுத்தராத மூன்று விஷயங்களை இங்கேதான் கற்க வேண்டும்: பிஓவைப் படிக்க, பில்லில் உத்யம் எண் போட, ஆலைக்குள் ஒரு நாள் நின்று பார்க்க. மூன்றுக்கும் வக்கீல் தேவையில்லை.