சிறைக்குள் ஒரு சுயமுன்னேற்ற நூல்

என் போனில் பழக்கங்களைக் கணக்கு வைக்கிற ஆப் ஒன்று இருக்கிறது. காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு பச்சைக் கட்டம், இருபது பக்கம் வாசித்தால் இன்னொரு பச்சைக் கட்டம். ஒருநாள் விட்டுப்போனால் அதுவரை சேர்ந்த தொடர் அறுந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். நாற்பத்தொரு நாள் தொடர் ஒன்று வைரல் காய்ச்சலில் போனபோது நிஜமாகவே வருத்தப்பட்டேன். காய்ச்சலை விடக் கட்டம் போனதுதான் வலித்தது.

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் வ.உ.சி. மொழிபெயர்த்த 'மனம் போல வாழ்வு' கைக்கு வந்தது. திருநெல்வேலியில் வளர்ந்தவனுக்கு வ.உ.சி. என்றால் பாளையங்கோட்டை மைதானம், கப்பல், செக்கு. அவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நான்கு நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்பது பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன தகவல். 'மனம் போல வாழ்வு' 1909, 'அகமே புறம்' 1914, 'வலிமைக்கு மார்க்கம்' 1916, 'சாந்திக்கு மார்க்கம்' 1934. இன்றைய புத்தகக் கடையில் இவற்றை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' இருக்கும் அதே அலமாரியில்தான்.

1909 என்ற ஆண்டைக் கவனியுங்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதாகிறார். திருநெல்வேலி கொதித்து எழுகிறது, துப்பாக்கிச் சூடு நடக்கிறது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கிறார். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும் 1912 டிசம்பர் வரை சிறைதான். ஆக, 'மனம் போல வாழ்வு' வெளிவந்தபோது மொழிபெயர்ப்பாளர் கைதி.

ஆலனின் மூலநூல் 1903இல் வந்தது. ஏழே அத்தியாயம், ஒரு பஸ் பயணத்தில் முடித்துவிடலாம். இரண்டாவது அத்தியாயம் எண்ணத்துக்கும் சூழ்நிலைக்கும் உள்ள உறவைப் பற்றியது. அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவன் ஏழை விடுதிக்கோ சிறைக்கோ போய்ச் சேர்வதற்கு விதியும் சூழ்நிலையும் காரணமல்ல, அவனுடைய கீழான எண்ணங்களே அவனை அங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று ஆலன் வாதிடுகிறார். ஒடுக்குபவனும் ஒடுக்கப்படுபவனும் அறியாமையில் கூட்டாளிகள் என்பதும் அவர் கணக்கு. இதையெல்லாம் தமிழாக்க உட்கார்ந்தவர், ராஜத்துரோக வழக்கில் உள்ளே இருக்கிற, செக்கிழுக்க வைக்கப்பட்ட மனிதர்!

ஆலனைக் கிண்டலடிப்பது சுலபம். ஆனால் அவரும் சொகுசில் இருந்து எழுதியவரில்லை. லெஸ்டரில் பிறந்தவர். வேலை தேடி அமெரிக்கா போன தகப்பனார் அங்கே கொல்லப்பட, பதினைந்து வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். சூழ்நிலையிடம் சரியாக அடி வாங்கியவர்தான் சூழ்நிலை ஒன்றுமில்லை என்று எழுதினார். ஒருவேளை அப்படி நம்பினால்தான் அவரால் எழுந்து நிற்க முடிந்ததோ என்னவோ.

என் பெரியம்மைக்கு முக்கூடல். தாமிரபரணிக் கரையில், பீடி சுற்றுகிற ஊர். மடியில் தட்டு, ஒரு பக்கம் வெட்டி அடுக்கிய இலை, ஒரு பக்கம் தூள், நூல். ஒரு நாளைக்கு 1,000 பீடி. கல்யாணத்துக்கு முன்னாடி தொடங்கி, முட்டி மடக்க முடியாமல் போகும்வரை முப்பது வருஷத்துக்கு மேல் சுற்றினாள். பழக்க வழக்கப் புத்தகங்கள் கேட்பதெல்லாம் அவளிடம் இருந்தது: ஒரே இடம், ஒரே நேரம், சின்னச் சின்ன அசைவு, எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்கு. என் ஆப்பை ஒருநாள் அவளிடம் காட்டினேன். பச்சைக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத நீயே வச்சுக்கிட்டியால? எனக்கு ஆயிரம்ங்கது கடைக்காரன் வச்ச கணக்குல்லா" என்றாள். அவ்வளவுதான், அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

யார் வைத்த கணக்கு? சுயமுன்னேற்ற நூல்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே கிடையாது. ஆனால் வ.உ.சி. அதைத் தெருவில் நின்று கேட்டவர். கைதாவதற்குப் பதினைந்து நாளுக்கு முன்னால், 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முன்னே நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். மில் ஹார்வி கம்பெனியுடையது. அதே ஹார்விகள் 1880களிலேயே பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையைக் கொண்டு பஞ்சாலை ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். கூலியை ஏற்று, வாரத்துக்கு ஒருநாள் லீவு கொடு என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை யாருடைய உயர்ந்த எண்ணத்தாலும் கிடைக்கவில்லை. மெஷினை நிறுத்தியதால் கிடைத்தது.

அப்புறம் ஏன் ஆலன்?

சிறையில் ஆறுதலுக்காக மொழிபெயர்த்தார் என்பது வழக்கமான பதில். அது பாதிதான் சரி. ஆறுதல் என்றால் வெளியே வந்ததும் விட்டிருப்பார். அவரோ விடவில்லை. சுதேசிக் கப்பல் கம்பெனி முடிந்துபோயிருந்தது, வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது, சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று கொடுத்தனுப்பிய பணத்துக்காக 1915-16இல் காந்தியோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டிய நிலை. 347 ரூபாய்ச் சொச்சம். 'வலிமைக்கு மார்க்கம்' வந்தது அந்த நேரத்தில். மூலநூலின் தலைப்பு வறுமையிலிருந்து வலிமைக்கு என்று பொருள்படும். தமிழில் வலிமை இருக்கிறது, வறுமையைக் காணோம். தலைப்பு சுருக்கமாக இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம், நான் ரொம்ப ஆழமாகத் தோண்டுகிறேனோ என்னவோ. ஆனாலும் வீட்டுக்குள் நிறைந்து கிடப்பதை அட்டையில் போட மனசு வராத ஒருவரை அந்தத் தலைப்பில் பார்க்கிறேன்.

மற்றத் தலைப்புகளும் இப்படித்தான். 'மனம் போல வாழ்வு' என்றதும் நம் காதில் விழுவது 'மனம் போல மாங்கல்யம்' என்ற வாழ்த்து. நீ நினைத்ததுதான் உன் நிலைமை என்று ஆலன் தீர்ப்புச் சொல்ல, வ.உ.சி.யின் தமிழ் நல்லா இரு என்கிறது. இன்னொரு நூலுக்கு 'அகமே புறம்' என்று பேர் வைத்தவர், பின்னாளில் தொல்காப்பியத்தை இளம்பூரணர் உரையோடு பதிப்பித்தவர். அகம், புறம் என்ற இரண்டு சொல்லையும் அவர் சும்மா எடுத்திருக்க மாட்டார். தமிழில் புறம் என்றால் போரும் அரசும் கொடையும்.

இந்த இடத்தில்தான் 'மெய்யறம்' முக்கியமாகிறது. சிறையில் அவரே எழுதி 1914இல் வெளியான நூல். எப்படி வாழ்வது என்பதற்குக் குறளின் வழியில் 125 அதிகாரங்கள். மாணவரியலில் தொடங்குகிறது, அதற்கு 30. இல்வாழ்வியலுக்கு 30. அரசியலுக்கு 50. மிச்சம் பதினைந்து, அந்தணவியலுக்கும் மெய்யியலுக்கும். ஆலனின் ஏழு அத்தியாயத்தில் அரசைப் பற்றி ஒன்றுகூடக் கிடையாது. அவரை மொழிபெயர்த்தவர் தன் சொந்த நூலில் எல்லாவற்றையும் விட அதிக இடத்தை அரசுக்குத்தான் ஒதுக்குகிறார். தன்னைத் திருத்திக்கொள்வதும் ஆட்சியைத் திருத்துவதும் அவருக்கு ஒரே பாடத்திட்டம். ஆலனிடம் வ.உ.சி. வாங்கிக்கொண்டது முதல் அறுபது அதிகாரத்துக்கான மனக்கட்டுப்பாட்டை மட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிறைக்கு வந்தவன் தன் கீழான எண்ணத்தால்தான் வந்தான் என்ற பகுதியை அவர் மனதார நம்பியிருந்தால் அந்த ஐம்பது அதிகாரத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

'மெய்யற'த்தை இலக்கியமாக ரசிக்க முடியுமா என்றால், கஷ்டம்தான். அடிக்கு அடி கட்டளை, மூச்சுவிட இடமில்லை. குறளில் வருகிற உவமையின் குளிர்ச்சி இதில் இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்த பிறகு 1908ஐப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், சந்தோஷம். 1909இல் இருந்து தொடங்குகிற இந்த மொழிபெயர்ப்பாளரையும், இந்த அறநூல்காரரையும் எழுச்சியின் தலைவரோடு சேர்த்து வாசிக்க ஆளில்லை. கப்பல் விட்டவரை ஒரு அலமாரியிலும் ஆலனை மொழிபெயர்த்தவரை இன்னொன்றிலும் வைத்துவிட்டோம்.

'சாந்திக்கு மார்க்கம்' வந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். இரண்டு வருஷத்தில், 1936 நவம்பரில் இறந்துபோனார். அதை நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. தினமும் கொஞ்சம் போகிறது. அந்தப் பக்கங்களை ஆப்பில் ஏற்றுவதில்லை, போன வாரத்திலிருந்து கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.